மூன்றாம் மாடிக்குக் கீழே நின்றவர்

அவர் பெண் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நான் நம்பினேன். ஏதோ ஒரு நாள் தடுமாறி நம்பிவிட்டேன் என்றால் மன்னித்துவிடலாம். ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரைக்கும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குச் செய்யவேண்டிய உபசாரம் அத்தனையையும் மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்றபடி செய்தேன். அவரோ என் மூத்த பிள்ளையை என் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போவதற்கு வந்தவர். பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே பை அடுக்கித் தயாராக இருந்தது. அந்தப் பையை நானும் ஒருநாள் கூட்டும்போது கண்டேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு என்று நினைத்து, அதைச் சுற்றிக் கூட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த நாட்களில் முழு ஜெர்மனியிலும் ஒரு பள்ளிக்கூடம் திறந்திருக்கவில்லை.

ஹம்பேர்க்கில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில், ஒரு தேவாலயத்தின் பின்பக்கம், பெண் பிள்ளைகள் கூடுகிற ஓர் அறை இருந்தது. பலகையில் பெண் பிள்ளைகள் என்று எழுதியிருந்தாலும், தன்னைப் பெண் என்று யாராவது சொன்னால் அளவு பொருந்தாத சப்பாத்தைப் போட்டதுபோல் நெளிகிற பிள்ளைகளுக்கும் அதுதான் இடம். கானா நாட்டுப் பிள்ளை, ஆப்கான் பிள்ளை, எங்கள் பிள்ளை என்று, வீட்டுக்குள் ஒரு மாதிரியும் தெருவில் ஒரு மாதிரியும் நடந்து களைத்தவர்கள் அங்கே போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருப்பார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். அரைநாள் சம்பளம், முழுநாள் வேலை. பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டார்கள். வயதில் எனக்கு இளையவராகக்கூட இருக்கலாம். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

கொரோனா வந்ததும் அறையைப் பூட்டச் சொன்னார்கள். அவர் ஒழுங்காகப் பூட்டினார். பூட்டிவிட்டு, அங்கே வந்து போன பிள்ளைகள் ஒவ்வொருவரின் வீட்டுக்குக் கீழும் போய் நிற்கத் தொடங்கினார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் நிற்கும் விதம்தான். நீல நிற மழை அங்கி, தோளில் ஒரு துணிப்பை, எடையை இடது காலில் விட்டு வலது காலைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு நிலை. சாய மாட்டார், நடை போட மாட்டார், கைபேசியை நோண்ட மாட்டார். அண்ணன் தம்பியைப் பார்ப்பதற்கே தெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுக்கவேண்டிய நாடு இது. பல்லுக்குத் தெர்மின், வங்கிக்குத் தெர்மின், தெர்மின் கேட்பதற்கும் தெர்மின். அதற்குள் இந்த மனுசி யாரிடமும் எதுவும் எடுக்காமல் புல்லுக்குள் வந்து நின்றார். நேரமாகுதே, போகவில்லையா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்கு நேரம் இருக்கு, அண்ணை."

இதைக் கேட்டால் சிலருக்கு ஆறுதல் வரும். எனக்கு வியர்க்கும்.

என் அந்த நாளைய நிலைமையைச் சொல்லவேண்டும். நான் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். கடையைப் பூட்டி, அரைச் சம்பளத்தோடு வீட்டில் இருத்திவிட்டார்கள். வாழைப்பழத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தபாலை அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கினேன். தும்மல் வந்தால் பல்கனிக்கு ஓடிப்போய்த் தும்மினேன், கீழ் வீட்டு ஜெர்மன்காரி யன்னலைச் சாத்துவாள். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மூத்ததைத் தவிர.

மூத்தது சிரிப்பை நிறுத்தியதற்குக் காரணம் என் பகிடிதான். சலூன்கள் பூட்டியிருந்த நாட்களில் பிள்ளை சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துத் தன் நீட்டுத் தலைமயிரைக் காதோடு வெட்டிக்கொண்டது. டோட்முண்டில் இருக்கும் என் மச்சான் வீடியோவில் அதைக் கண்டுவிட்டு, இது யார் உன்ர வீட்டில் புதுப் பெடியன் என்று கேட்டான். எனக்கொரு மகன் கிடைச்சிருக்கிறான் என்று நான் சொன்னேன். பிள்ளை சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. நான் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தியது. பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூடத் தாயிடம்தான் கேட்டது.

அந்தக் கிழமைதான், இந்த வீட்டில் இனி இருக்க ஏலாது என்று பிள்ளை அவரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறது. அவர் ஓர் அறை தேடி ஒழுங்கு செய்துவிட்டு, சனிக்கிழமை வந்து கீழே நிற்கிறேன், வாறதெண்டால் வா என்றிருக்கிறார்.

சனிக்கிழமை வந்தார். நான் சாரத்தோடு பல்கனியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தேன். கீழே புல்லில் ஒரு தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும், மேலே எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன வேண்டும் என்றேன். பிள்ளையைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பிள்ளை நல்லாய்ச் சாப்பிடுகிறதா, நித்திரை கொள்கிறதா என்று கேட்டார். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? உள்ளே ஓடினேன்.

"ஆக்கள் வந்திருக்கினம்" என்றேன் மனைவியிடம்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "மாப்பிள்ளைப் பக்கம் தனியா வந்து புல்லுக்குள்ள நிக்குமோ?"

"கொரோனா" என்றேன். அந்த வருடம் எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

சாரத்துக்கு மேலே வெள்ளைச் சேர்ட் போட்டேன். பல்கனிச் சுவருக்கு மேலே தெரிவது பாதி உடம்புதானே. பொரித்து வைத்திருந்த ரோல்ஸை ஒரு பெயின்ற் வாளிக்குள் வைத்து, கொடிக் கயிற்றில் கட்டி, கிணற்றில் விடுவதுபோல மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினேன். வாளி இரண்டாம் மாடிக்காரியின் யன்னலில் ஒருமுறை தட்டியது. அவர் வாளியைப் பிடித்து, ஒரு ரோல்ஸை எடுத்து, முகக்கவசத்தைக் கீழே இழுத்து, நின்றபடியே சாப்பிட்டார். உங்கட மகன் என்ன செய்யிறார் என்று நான் மேலேயிருந்து கேட்டேன். அதெல்லாம் பிறகு கதைப்பம் என்றார். அன்றிரவு மச்சானிடம் சொன்னேன்: பெடியன் டொக்டராத்தான் இருக்கவேணும், தாய் வாயே திறக்கிறா இல்லை.

பல்கனிக்குப் பக்கத்தில் சமையலறை யன்னல். போகுமுன் அவர் அந்த யன்னலைப் பார்த்து நாடியைக் கொஞ்சம் உயர்த்துவார். பிள்ளை உள்ளேயிருந்து விரித்த கையை இலேசாக அசைக்கும். இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். எனக்கு அது வெட்கமாகத் தெரிந்தது. வருங்கால மாமியாரைக் கண்டு என்ன அடக்கம் என்று பூரித்துப் போனேன்.

இப்படியே சனிக்கிழமைகள் போயின. ஒருநாள் பிள்ளையின் சாதகத்தை நகல் எடுத்து, கிருமிநாசினி தெளித்து, பிளாஸ்திக் உறையில் போட்டு ரோல்ஸோடு இறக்கினேன். அவர் எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சமையலறை யன்னலையும் பார்த்தார். இல்லை அண்ணை, நீங்கள் பிழையாய் விளங்கிவிட்டீர்கள் என்று அவர் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை சொல்லவேண்டிய கதையைத் தான் சொன்னதாகிவிடும். அதனால் சாதகத்தை மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். இல்லாத மகனுக்குத் தாயாக அவர் அத்தனை கிழமையும் எனக்குக் கீழே நின்றார்.

மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். கானாப் பிள்ளையின் வீட்டில் இணையம் இல்லை. பள்ளிக்கூடமோ கணினிக்குள் நடந்தது. ஒரு சோதனை நாளில் அவர் அந்தப் பிள்ளையின் கீழ்மாடி யன்னலுக்கு வெளியே கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தன் இணையத்தை உள்ளே அனுப்பியபடி, சோதனை முடியும்வரை மழையில் நின்றாராம். கை மாற்றிப் பிடிப்பதற்குக்கூடப் பயந்தாராம், இணைப்பு அறுந்துவிடும் என்று. தொலைக்காட்சி அன்ரெனாவுக்கு நீல அங்கி போட்ட மாதிரி இருந்தது என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். இப்படி நிற்க எங்கே பழகினீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கியவராம்.

"ஜேர்மனிக்கு வந்து நான் முதல் பழகின வேலை நிக்கிறதுதான், அண்ணை. வரிசையிலை விட்டிட்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. நல்லாப் பழகீற்றன்."

அமெரிக்காவில் ஒரு கறுப்பு மனிதரைப் பொலிஸ் கொன்றதற்காக ஜூன் மாதம் இங்கேயும் இளம் பிள்ளைகள் கறுப்பு உடுப்போடு தெருவில் நின்றார்கள். மூத்ததும் போனது. எனக்கு இரண்டு பயம்: ஒன்று கிருமி, மற்றது பொலிஸ். இரண்டுக்குமாக இரண்டு முகக்கவசத்தை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். பின்னேரம் தொலைபேசி அடித்தது. அவர்தான். திரும்பி வரும்போது எஸ்-பான் ரெயில் நிலையத்தில் பொலிஸ் பிள்ளைகளை மறித்து வைத்திருக்கிறது என்றார்.

"நான் நிக்கிறன், அண்ணை. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

ஆறுதலாக வருவதா? என்னிடமிருந்த பத்திரங்கள் அத்தனையையும் ஒரு பைக்குள் கொட்டினேன். கடவுச்சீட்டு, பிரசாவுரிமைப் பத்திரம், சம்பளத் துண்டுகள், வீட்டு ஒப்பந்தம், பிள்ளை குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசி அட்டை. மனிதன் முப்பது வருடம் முன்பு அகதியாக இருந்தால் போதும், எங்கே தீப்பிடித்தாலும் கை முதலில் பத்திரத்தைத்தான் எடுக்கிறது.

ரெயில் மேடையில் நூறு பேர் நின்றிருந்தார்கள். மறிக்கப்பட்டவர்கள் மூன்று பேர்: எங்கள் பிள்ளை, கானாப் பிள்ளை, ஆப்கான் பிள்ளை. அவர்களோடு கூடவே ஊர்வலத்துக்குப் போய் வந்த ஜெர்மன் தோழிகளை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பொலிஸ்காரர் எங்கள் பிள்ளையின் அடையாள அட்டையையும் தலைமயிரையும் மாறி மாறிப் பார்த்து, இதில் இருப்பது நீதானா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சனம் பார்த்தது. பிள்ளையின் காது சிவந்திருந்தது. அக்கா பிள்ளைக்குப் பக்கத்தில், அதே இடது காலில், நின்றார். நீங்கள் போகலாம் என்றார் பொலிஸ்காரர். தனக்கு நேரம் இருக்கிறது என்று அவர் ஜெர்மனில் சொன்னார், மரியாதையாக. உங்களுக்கு இதில் வேலையில்லை என்றார் பொலிஸ்காரர். பிள்ளைகளை எதற்காக மறித்தீர்கள், உங்கள் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் அக்கா நின்றார். குரலை உயர்த்தவேயில்லை. ஒரு ரெயில் வந்து போனது. இன்னொன்று வந்து போனது. அவர் அந்த இடத்தை விட்டு அசையப்போவதில்லை என்பது எல்லோருக்கும் மெல்ல மெல்ல விளங்கியது.

அதற்குள் நான் ஓடிப்போய், பைக்குள்ளிருந்து பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டத் தொடங்கியிருந்தேன். சம்பளத் துண்டு பொலிஸ்காரரின் சப்பாத்தில் விழுந்தது. அக்கா குனிந்து பொறுக்கி என் கையில் தந்தார்.

"உள்ள வையுங்கோ, அண்ணை. ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லை."

கடைசியில் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரணம் சொல்லவில்லை. பெயரை மட்டும் பொலிஸ்காரர் சொன்னார். அக்கா அதை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு ரெயிலில் ஏறினார்.

நானும் பிள்ளையும் காரில் வந்தோம். சந்தியில் சிவப்பு விளக்கு. பின் இருக்கையில் பத்திரப் பை திறந்து கிடந்தது. பிள்ளை கையை விட்டு ஒன்றை எடுத்தது.

"அப்பா, என்ர தடுப்பூசிக் கார்ட் என்னத்துக்கு?"

"கேட்டாலும் எண்டு."

பிள்ளை சிரித்தது. மாதக் கணக்காகக் கேட்காத சிரிப்பு. பச்சை விளக்கு விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். சிரித்து முடித்தபின், யன்னலைப் பார்த்தபடி, பிள்ளை எல்லாவற்றையும் சொன்னது. அக்கா பொம்பிளை பாக்க வரேல்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறவா. பை கட்டிலுக்குக் கீழே இருக்கு. எனக்கு நீங்கள் வைச்ச பேர் வேண்டாம். எனக்குக் கல்யாணப் பொம்பிளையா இருக்க ஏலாது.

"முதல் நாளே ஏன் போகேல்லை?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பையோட கதவுவரைக்கும் வந்தனான். நீங்கள் சேர்ட்டும் சாரமுமா நிண்டு வாளியிலை ரோல்ஸ் இறக்கிறியள். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமப் போச்சு. சிரிச்சுக்கொண்டு எப்பிடி வீட்டை விட்டுப் போறது? அடுத்த கிழமை போவம் எண்டு விட்டிட்டன். அடுத்த கிழமையும் இறக்கினீங்கள்."

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது நான் வாளி இல்லாமல் பல்கனியில் நின்றேன். ரோல்ஸ் இல்லையோ என்று கேட்டார். பிள்ளையைக் கொண்டுபோகப் போறியளோ, அக்கா, என்று கேட்டேன். என் வாழ்க்கையில் பகிடி கலக்காமல் நான் கேட்ட ஒரு சில கேள்விகளில் அதுவும் ஒன்று.

"நான் கொண்டுபோறேல்லை, அண்ணை. பிள்ளை போறதெண்டா தனியப் போகக்கூடாது. அதுக்குத்தான் நிக்கிறன்."

பிறகு துணிப்பைக்குள் கையை விட்டார். "வாளியை இறக்குங்கோ. என்னட்டைப் பெடியனும் இல்லை."

இறக்கினேன். சாதகத்தை உறையோடு உள்ளே வைத்தார். மேலே வந்ததும் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போனது. அதை என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் பிள்ளை தேர்ந்துகொண்ட பெயரைக் குளியலறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தனியே சொல்லிப் பழகினேன். இரண்டு எழுத்துப் பெயர். முப்பது வருடமாக ஜெர்மன் பேசுகிற வாய்க்கு அது வரமாட்டேன் என்றது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் துணிந்து கூப்பிட்டேன். நெத்தலித் தீயலைத் தரச் சொல்லித்தான் கூப்பிட்டேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிள்ளை தீயல் சட்டியைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான். ஆனாலும் பை கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. நான் கூட்டுகிற சாட்டில் தினமும் குனிந்து பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அவரும் வந்து நின்றார், பிள்ளை விரித்த கையை அசைத்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை குனிந்து பார்த்தேன். பை இல்லை. பிள்ளையும் இல்லை.

ஒரு காலில் செருப்பு, மறுகாலில் இல்லை. மூன்று மாடியும் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. வெளியே அவர் புல்லில் நின்றார், தனியாக. பிள்ளை எங்கை என்று கத்தினேன். தெரியாது என்றார். முகத்தில் முதல் தடவையாக ஒரு கலக்கம் கண்டேன். நான் இதிலை நிக்கிறன், வந்தாக் காணுவன், நீங்கள் தேடுங்கோ என்றார். சைக்கிள் கொட்டிலில் தேடினேன், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் தேடினேன், பத்தொன்பது வயதுப் பிள்ளை அங்கே ஒளிந்திருக்குமாப்போல. கடைசியில் நிலக்கீழ் அறையில், குடியிருப்புக்குப் பொதுவான சலவை இயந்திரங்களுக்கு முன்னால், வெறும் பை நிலத்தில் கிடந்தது. பிள்ளை இயந்திரத்துக்குள் உடுப்புகளைத் திணித்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் பைக்குள் கிடந்து நாறுது, அப்பா, என்றது. உங்களுக்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குது, கொரோனாவோ என்றும் கேட்டது.

நான் மேலே ஏறி வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில் நின்றார்.

"உடுப்புத் தோய்க்குது" என்றேன்.

அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கினார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். காலை நீட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, வெயிலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அத்தனை சனிக்கிழமையிலும் அவர் இருந்து நான் கண்டது அன்று மட்டும்தான். மேலே வாருங்கோ, தேத்தண்ணி குடிப்பம் என்றேன். இன்னொரு நாளைக்கு, அண்ணை, என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் ரோல்ஸ் பொரித்து, சேர்ட் போட்டு, வாளியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே புல் மட்டும் இருந்தது. மத்தியானத்துக்குள் அவருக்குக் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, செத்தவீடும் முடித்துவிட்டேன், மனதுக்குள். கண்ணீரோடு மூத்ததிடம் போய்ச் சொன்னேன். அக்கா வேறொரு வீட்டுக்குக் கீழே நிற்கிறார், அங்கே ஒரு பிள்ளை பை கட்டியிருக்கிறது என்றது. பிறகு அந்தத் தேவாலய அறைக்கு நகரசபை காசு தருவதை நிறுத்தியது. லைப்சிக்கில் இப்படி ஓர் அறையில் ஆள் தேவையென்று கேட்டு அவர் அங்கே போய்விட்டார் என்று கேள்வி.

பிள்ளை இப்போது வேலை கிடைத்து, இரண்டு நிலையம் தள்ளித் தனியே இருக்கிறது. ஞாயிறுகளில் தன் உடுப்பையெல்லாம் அந்தப் பையிலேயே கொண்டுவந்து எங்கள் நிலக்கீழ் அறையில் தோய்த்துக்கொண்டு போகிறது. வாளி பல்கனி மூலையில் கிடக்கிறது. மனைவி அதில் கறிவேப்பிலை நட்டிருக்கிறாள். அந்த நோய்க் காலம் முடிந்ததென்று ஊரே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். சனிக்கிழமை காலைகளில் மட்டும், காயவைக்கத் துணி இல்லாவிட்டாலும், பல்கனிக்குப் போய்க் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். சாரத்துக்கு மேலே சேர்ட் போட்டுக்கொண்டுதான்.

அவர் பெண் பார்க்க வரவில்லை. என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். பிள்ளை அவரோடு போகவில்லை. அதனால் அவர் பிறகு வரவில்லை.